கெஸ்ட் இல்லாத ஒரு மணி நேரம்: 1965ல பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் டிவில பண்ணது என்ன?

1960கள்ல அமெரிக்க டிவில ஒரு பாட்டுக்காரருக்கு தனியா ஸ்பெஷல் ஷோ போடுறாங்கன்னா, ஸ்பான்சர் கம்பெனிலருந்து பத்திரிகைக்காரங்க வரைக்கும் எல்லாரும் மொதல்ல கேக்குறது கெஸ்ட் யாருன்னு தான். பாடுறவங்க எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, கூட ஒரு காமெடியன், ஒரு டான்ஸ் கோஷ்டி, இன்னொரு பெரிய பாடகர், நடுவுல ரெண்டு பேரும் ஸ்டூல்ல உக்காந்து எழுதிக் குடுத்த ஜோக்க பேசிட்டு சேந்து ஒரு பாட்டு, இதுதான் வழக்கம். 1965 ஏப்ரல் 28, புதன்கிழமை ராத்திரி சிபிஎஸ் சேனல்ல வந்த 'மை நேம் இஸ் பார்ப்ரா'ல இது எதுவுமே கிடையாது. ஒரே ஒரு பொண்ணு, ஒரு மணி நேரம், கறுப்பு வெள்ளைல. அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டுக்கு அன்னிக்கு 23 வயசு ஆகி நாலே நாள்.

இந்த ஷோவ பத்தி பேசுற பெரும்பாலானவங்க குரல்லருந்து தான் ஆரம்பிப்பாங்க. குரல் அசாத்தியம் தான், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது, ஆனா அந்தக் குரல் 1965 ஏப்ரலுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ரெக்கார்டா வீடு வீடா போய்ச் சேந்தாச்சு. மொத ஆல்பம் 1963 பிப்ரவரில வந்து அந்த வருஷத்தோட சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியாச்சு, 'பீப்பிள்' ஆல்பம் 1964 கடைசில அமெரிக்க லிஸ்ட்ல நம்பர் 1 ஆயாச்சு. அப்போ புதுசா என்ன நடந்துச்சு, ஏன் இந்த ஒரு மணி நேரத்த திருப்புமுனைன்னு சொல்றோம்? நான் திரும்பத் திரும்ப பாத்து, படிச்சு புரிஞ்சுகிட்டது என்னன்னா, அவங்க ஸ்டேஜ் ஏறுறதுக்கு பல மாசம் முன்னாடி கையெழுத்துப் போட்ட ஒரு அக்ரிமென்ட்லயே பாதி விஷயம் முடிஞ்சிருச்சு. அதுக்கு கொஞ்சம் பின்னாடி போகணும்.

புரூக்ளின்ல பொறந்த பொண்ணு. 15 மாசக் குழந்தையா இருக்கும்போதே அப்பா தவறிட்டாரு, வீட்ல பண வசதி பெருசா கிடையாது. 1960ல நியூயார்க் கிரீனிச் வில்லேஜ்ல இருந்த 'பான் சுவார்'ங்கிற சின்ன நைட்கிளப்ல 18 வயசுல பாட ஆரம்பிச்சாங்க, செகண்ட் ஹேண்ட் கடைல வாங்கின பழைய காலத்து டிரஸ்ஸ போட்டுகிட்டு. பேரு உண்மையில பார்பரா. அந்த சமயத்துல தான் நடுவுல இருந்த ஒரு எழுத்த தூக்கிட்டு பார்ப்ரான்னு ஆக்கிக்கிட்டாங்க. மூக்க ஆபரேஷன் பண்ணிக்கோ, பேர மாத்திக்கோன்னு சொன்னவங்க நிறைய, மூக்கு அப்படியே இருந்துச்சு, பேர்ல ஒரு எழுத்து தான் போச்சு.

1962ல நியூயார்க்கோட பெரிய நாடக வட்டாரமான பிராட்வேல ஒரு மியூசிக்கல் நாடகத்துல சின்ன வேஷம், ஆனா எல்லார் கண்ணும் அவங்க மேல தான். அதே வருஷம் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம். கொலம்பியா தலைவர் காடர்ட் லீபர்சன் மொதல்ல வேண்டாம்னு தான் சொன்னாரு, அப்புறம் மனசு மாறினாரு. மேனேஜர் மார்ட்டி எர்லிக்மேன் அப்போ பேசி முடிச்ச விதம் தான் முக்கியம்: முன்பணம் கம்மியா இருந்தா பரவால்ல, ஆனா எந்தப் பாட்ட பாடுறது, எப்படிப் பாடுறதுங்கிறத பார்ப்ரா தான் முடிவு பண்ணுவாங்க. இருபது வயசுப் பொண்ணு, இன்னும் ஒரு ரெக்கார்டு கூட வெளிவரல, காசக் குறைச்சுக்கிட்டு உரிமைய கேட்டு வாங்குறாங்க. சினிமா பாட்டு, மேடைப் பாட்டுன்னு எந்தத் துறைல பாத்தாலும் புதுசா வர்றவங்க தலைகீழா தானே பண்ணுவாங்க, காச வாங்கிட்டு தலையாட்டுவாங்க.

இப்போ ஜூடி கார்லண்ட் கதைக்கு வரணும், ஏன்னா அது இல்லாம இந்த ஷோவோட அருமை முழுசா புரியாது.

1963 செப்டம்பர்ல சிபிஎஸ் ஜூடி கார்லண்டுக்கு வாரா வாரம் ஒரு ஷோ குடுத்துச்சு. ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணி. எதிர் சேனல் என்பிசில அதே நேரத்துல 'பொனான்சா', நாடே பாத்துட்டு இருந்த தொடர். கார்லண்ட் அமெரிக்காவோட மிகப்பெரிய மேடைப் பாடகிகள்ல ஒருத்தங்க, தனியா நின்னு பாடினாலே சபை எந்திரிச்சு நிக்கும், ஆனா சேனல்காரங்க அவங்கள கடைசி சில வாரம் வரைக்கும் தனியா விடல. பெரும்பாலான வாரம் கெஸ்ட், காமெடிக்கு ஜெர்ரி வான் டைக், அவர வெச்சு வர்ற ஜோக்குகள் பாதி கார்லண்டையே கிண்டல் பண்றது, நடுவுல புரொட்யூசர மாத்து, திரும்ப மாத்துன்னு ஒரே சீசன்ல மூணு பேரு. கெஸ்ட்ட தொட்டுத் தொட்டு பேசாதீங்க, பாக்குறவங்களுக்கு பிடிக்கலன்னு கூட சேனல் தரப்புலருந்து சொன்னாங்க. 26 எபிசோட் ஓடி 1964 மார்ச் 29ஓட நிறுத்திட்டாங்க.

அந்த 26ல ஒண்ணுக்கு கெஸ்ட்டா வந்தவங்க தான் 21 வயசு பார்ப்ரா, 1963 அக்டோபர் 6 ஒளிபரப்பு. கார்லண்ட் அவங்களோட 'கெட் ஹேப்பி'ய பாட, பார்ப்ரா 'ஹேப்பி டேஸ் ஆர் ஹியர் அகெயின்' பாட, ரெண்டு பாட்டும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு வரும். பக்கத்து பக்கத்துல உக்காந்து, ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சுகிட்டு. அந்த வீடியோவ பாருங்க, கார்லண்ட் பார்ப்ராவ பிடிச்சிருக்கிற பிடில ஒரு பதட்டம் தெரியும், அவங்க பதட்டமா இருந்தாங்கன்னு பார்ப்ராவும் பின்னாடி சொல்லியிருக்காங்க. நாற்பத்தோரு வயசு ஜாம்பவான், சொந்த ஷோல, சொந்தமா ஒரு முடிவும் எடுக்க முடியாம உக்காந்திருக்காங்க, பக்கத்துல அதப் பாத்துகிட்டு ஒரு சின்னப் பொண்ணு. இந்த வீடியோவ என்னால இன்னிக்கும் சாதாரணமா பாக்க முடியாது.

கார்லண்ட் ஷோ முடிஞ்சு மூணு மாசம் கூட ஆகல, 1964 ஜூன்ல அதே சிபிஎஸ் பார்ப்ராவோட ஒப்பந்தம் போடுது. பத்து வருஷம், 50 லட்சம் டாலர்னு அப்போ பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. தலைப்புச் செய்தி அந்தத் தொகை தான், ஆனா உள்ள இருந்த விஷயம் வேற: ஷோவோட கலை சம்பந்தப்பட்ட முடிவு முழுக்க அவங்க கைல. என்ன பாட்டு, என்ன செட்டு, யார் டைரக்டர், கெஸ்ட் வேணுமா வேண்டாமா, எல்லாம். கெஸ்ட் வேண்டாம்னு சொல்ற உரிமை ஒருத்தங்களுக்கு முதல் நாள்லருந்தே பேப்பர்ல இருந்துச்சு, இன்னொருத்தங்கள ஷோ முடியப் போற கட்டத்துல தான் தனியா பாட விட்டாங்க. சேனல் ஒண்ணு தான்.

அப்போ அவங்க பிராட்வேல 'ஃபன்னி கேர்ள்' நாடகத்துல கதாநாயகி. 1964 மார்ச் 26ல வின்டர் கார்டன் தியேட்டர்ல ஆரம்பிச்சது. நாடகத்துக்கான டோனி விருது அந்த வருஷம் கரோல் சானிங்குக்குப் போச்சு, இருந்தாலும் டிக்கெட் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, தியேட்டர்ல சுமார் 1,500 சீட்டு, வாரத்துக்கு 8 ஷோ, அப்போ வாரம் 12,000 பேர், வருஷம் பூரா ஹவுஸ்ஃபுல்லா ஓடினாலும் ஆறு லட்சத்த சொச்சம். அமெரிக்காவுல அப்போ இருந்த பெரிய சேனல் மூணே மூணு, அதுல ஒண்ணுல ஒரு ராத்திரி வந்தா கோடிக்கணக்குல பாப்பாங்க. நியூயார்க் வர வாய்ப்பே இல்லாதவங்களுக்கு அது வரைக்கும் பார்ப்ரான்னா ரெக்கார்ட் அட்டைல இருக்கிற ஒரு போட்டோ, எட் சல்லிவன் ஷோ மாதிரி இடத்துல ரெண்டு பாட்டு, அவ்வளவு தான். நாடகத்துல வாரத்துக்கு 8 தடவ பாடிகிட்டே தான் இந்த ஸ்பெஷலையும் எடுத்து முடிச்சாங்க, அந்தத் தொண்டை எப்படித் தாங்குச்சுன்னு எனக்கு இன்னும் ஆச்சரியம்.

ஷோவுக்கு வடிவம் யோசிச்சது ஜோ லேட்டன், பிராட்வே டான்ஸ் மாஸ்டர். டைரக்டர் டுவைட் ஹெமியன், பெர்ரி கோமோ ஷோ எல்லாம் எடுத்துப் பழகின டிவிக்காரர். இசை பீட்டர் மாட்ஸ், ஏற்கனவே பார்ப்ராவோட ஆல்பங்களுக்கு வாத்திய அமைப்பு பண்ணவரு. தலைப்புப் பாட்டு இசையமைப்பாளர் லென்னர்ட் பெர்ன்ஸ்டைன் 1943ல ஒரு சின்னப் பொண்ணு பாடுற மாதிரி எழுதின குட்டிப் பாட்டு, அந்தப் பொண்ணு பேரும் பார்பரா தான், ஆனா எழுத்து குறையாத பார்பரா.

மூணு பாகம். மொத பாகத்துல 'ஐயம் லேட்'னு பாடிகிட்டே செட்டு செட்டா ஓடுறாங்க, நடுவுல வேற வேற பாட்டு புகுந்து வெளிய வருது, அப்புறம் சாமான் எல்லாம் ராட்சச சைஸ்ல இருக்கிற ஒரு விளையாட்டு இடத்துல அஞ்சு வயசுக் குழந்தையா மாறிடுறாங்க. உண்மைய சொல்லணும்னா இந்தக் குழந்தைப் பகுதி எனக்கு கொஞ்சம் இழுக்குற மாதிரி தான் படும், இன்னிக்கு பாக்குறவங்களுக்கு அங்க பொறுமை போகலாம். ஆனா பாகம் முடியுற நேரத்துல குழந்தை விளையாட்டு எல்லாம் ஓஞ்சு 'பீப்பிள்' வரும்போது, அஞ்சு நிமிஷம் முன்னாடி குதிச்சிட்டு இருந்த அதே ஆளான்னு தோணும். பாட்டுக்கு ஏத்த மாதிரி வயசையே மாத்திக்கிறாங்க.

ரெண்டாவது பாகம் தான் ஊரே பேசினது. மன்ஹாட்டன்ல ஐந்தாவது அவென்யூல இருக்கிற பெர்க்டார்ஃப் குட்மேன், பெரும் பணக்காரங்க மட்டும் போற துணிக்கடை. வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்துல கடைய மொத்தமா எடுத்துகிட்டு ஷூட் பண்ணாங்க. விலை உயர்ந்த ஃபர் கோட்டு ஒண்ணு மாத்தி ஒண்ணு, தலைல தொப்பி, நடக்குறதுக்கு பளபளன்னு தரை, இவங்க பாடுறது பூரா வறுமைப் பாட்டு. 'கிவ் மீ த சிம்பிள் லைஃப்', 'ஐ காட் பிளென்ட்டி ஓ நத்தின்', 1930கள் பஞ்ச காலத்து 'பிரதர் கேன் யூ ஸ்பேர் எ டைம்' (டைம்னா இங்க பத்து சென்ட் காசு), கடைசில வாழ்க்கைல நல்லது எல்லாம் இலவசம்னு ஒரு பாட்டு. நடுவுல 'செகண்ட் ஹேண்ட் ரோஸ்', 1921ல காமெடி நடிகை ஃபேனி பிரைஸ் பாடிப் பிரபலமானது, எல்லாமே அடுத்தவங்க போட்டு கழிச்சதா வாங்கிப் போடுற ஒரு ஏழைப் பொண்ணோட புலம்பல். 'ஃபன்னி கேர்ள்' நாடகம் அந்த ஃபேனி பிரைஸோட வாழ்க்கை தான்.

சிரிச்சுகிட்டே பாக்கலாம் இத. ஆனா பான் சுவார் மேடைல செகண்ட் ஹேண்ட் டிரஸ்ஸோட நின்ன பொண்ணு தான் அஞ்சு வருஷத்துல இந்த ஃபர் கோட்டுக்குள்ள நின்னு அந்தப் பாட்ட பாடுறாங்கன்னு தெரிஞ்சு பாத்தா வேற மாதிரி இருக்கும். கண்ணாடி முன்னாடி கோட்ட போட்டு திரும்பிப் பாக்குறப்போ ஒரு கர்வம், சட்டுனு ஒரு குறும்பு, அடுத்த வரில குரல் தழுதழுக்குது. கெஸ்ட் காமெடியன் ஒருத்தர் வந்து பண்ண வேண்டிய வேலைய, பாட்டத் தேர்ந்தெடுத்த விதத்துலயும் இடத்தத் தேர்ந்தெடுத்த விதத்துலயும் முடிச்சுட்டாங்க.

மூணாவது பாகம் கச்சேரி. செட்டு, ஓட்டம், கோட்டு எல்லாம் போயிடுச்சு, ஸ்டேஜ், வாத்தியக்காரங்க, ஜனங்க, அவங்க. 'வென் த சன் கம்ஸ் அவுட்', 'லவர் கம் பேக் டு மீ', அப்புறம் 'ஃபன்னி கேர்ள்' பாட்டுங்க, அதுல 'டோன்ட் ரெயின் ஆன் மை பரேட்' வேகத்துல ஒரு வார்த்தை கூட சிதறாது. அது முடிஞ்சு 'மை மேன்'. இது ஃபேனி பிரைஸோட முத்திரைப் பாட்டு, பிராட்வே நாடகத்துல கிடையாது, மூணு வருஷம் கழிச்சு வந்த சினிமால தான் சேத்தாங்க. ஆக நியூயார்க்ல டிக்கெட் வாங்கிப் பாத்தவங்களுக்குக் கிடைக்காத ஒண்ணு அன்னிக்கு வீட்ல உக்காந்து டிவி பாத்தவங்களுக்குக் கிடைச்சுது.

கடைசில 'ஹேப்பி டேஸ் ஆர் ஹியர் அகெயின்'. இந்தப் பாட்டோட பின்னணிய சொல்லியே ஆகணும். மில்டன் ஏகர் இசை, ஜாக் யெல்லன் வரிகள், 1929ல எழுதினது, 1932 அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்ல ரூஸ்வெல்ட் பிரச்சாரத்துக்குப் போட்டுப் போட்டு ஊரெல்லாம் பரவின துள்ளல் பாட்டு. கை தட்டிகிட்டு வேகமா பாடுறது தான் வழக்கம். 1962ல கேரி மூர் ஷோன்னு இன்னொரு சிபிஎஸ் நிகழ்ச்சில பார்ப்ராவ இதப் பாட வெச்சாங்க, காட்சி என்னன்னா 1929 பங்குச்சந்தை சரிவுல எல்லாத்தையும் இழந்த ஒரு பணக்காரப் பொண்ணு பாருக்கு வந்து, போட்டிருக்கிற நகைய ஒண்ணொண்ணா கழட்டிக் குடுத்து குடிக்கிறா. அந்த நெலமைல இருக்கிறவ நல்ல காலம் வந்துருச்சுன்னு எப்படித் துள்ளிக் குதிச்சுப் பாடுவா? சௌக்கத்துல, நம்பிக்கை இல்லாம தொடங்கி, தனக்குத் தானே சொல்லிக்கிற மாதிரி தான் பாடுவா. அங்க பிறந்தது தான் இந்த மெதுவான வடிவம். பெர்க்டார்ஃப் கடைக் காட்சில இதையே திருப்பிப் போட்டிருக்காங்கன்னு எனக்குத் தோணும், அங்க நகைய கழட்டிட்டு சந்தோஷப் பாட்டு, இங்க கோட்ட மாட்டிட்டு வறுமைப் பாட்டு.

பாடுற விதத்த கவனிங்க. எடுப்பு கீழ் ஸ்தாயில, பேசுற குரல்ல இருந்து ஒரு இழை தான் மேல. ஒவ்வொரு வரியும் முடியுற இடத்துல வார்த்தைய உடனே விடாம ஒரு கார்வை, அதுக்குள்ளயே சத்தம் ஏறும், இறங்கும். மேல போகப் போக மூச்சு எங்க எடுக்கிறாங்கன்னே கண்டுபிடிக்க முடியாது. உச்சத்துக்கு வர்றப்போ அது சந்தோஷமா அழுகையான்னு நமக்கே குழப்பமா இருக்கும். முகம் அத்தனையும் காட்டும், கேமரா கிட்ட வந்து நின்னுடும். யாரும் குறுக்க வரலங்கிறதோட பலன் இங்க தான் வருது, ஒரு மணி நேரமா ஒரே முகத்த பாத்துப் பழகியாச்சு, அதனால அந்த முகத்துல ஓடுற சின்ன நிழல் கூட தப்பாது.

முகம்னதும் சொல்லணும், இடது பக்கத்துலருந்து எடுக்கிறது தான் பார்ப்ராவுக்குப் பிடிக்கும், வாழ்க்கை பூரா அதுல பிடிவாதமா இருந்திருக்காங்க. மூக்க மாத்துன்னு சொன்ன உலகத்துக்கு முன்னாடி அந்த மூக்கோட, அந்த பக்கவாட்டு முகத்தையே ஒரு மணி நேரம் பெருசா காட்டினாங்க. அதுக்கப்புறம் யாரும் அதப் பத்தி பேசலன்னு சொல்ல முடியாது, ஆனா பேச்சோட தொனி மாறிடுச்சு.

1965 செப்டம்பர்ல டிவிக்கான எம்மி விருது, இந்த ஷோவுக்கு மட்டும் அஞ்சு. நடிச்சவங்க பாடினவங்க பிரிவுல பார்ப்ராவுக்கு ஒண்ணு, அந்த வருஷம் அதே பிரிவுல விருது வாங்கினவங்க லிஸ்ட்ல லென்னர்ட் பெர்ன்ஸ்டைனும் இருந்தாரு, அந்தக் குட்டிப் பாட்ட எழுதினவரு. ரேடியோ, டிவி நிகழ்ச்சிகளுக்குக் குடுக்குற பீபடி விருதும் வந்துச்சு. ஷோவ ஒட்டி வந்த ஆல்பம் நம்பர் 2 வரைக்கும் போச்சு, தொடர்ச்சியா மூணாவது வருஷம் சிறந்த பாடகி கிராமி.

விருத விட எனக்கு முக்கியமா படுறது அடுத்து மத்தவங்க என்ன பண்ணாங்கங்கிறது. ஏழு மாசத்துல, 1965 நவம்பர் 24, என்பிசில ஃபிராங்க் சினாட்ரா ஸ்பெஷல் வருது. கெஸ்ட் கிடையாது, சினாட்ராவும் ஆர்க்கெஸ்ட்ராவும் மட்டும், டைரக்டர் அதே டுவைட் ஹெமியன். சினாட்ராவுக்கு 50 வயசு ஆகப் போற நேரம், டிவில அதுக்கு முன்னாடி எத்தனையோ கெஸ்ட்டோட எத்தனையோ பண்ணிப் பாத்தவரு. 1968 டிசம்பர் 3ல எல்விஸ் பிரெஸ்லி ஸ்பெஷல், நமக்கெல்லாம் தெரிஞ்ச சிங்கர் தையல் மெஷின் கம்பெனி தான் ஸ்பான்சர், அதுலயும் பக்கத்துல உக்காந்தது அவரோட பழைய வாத்தியக்காரங்க, பெரிய நட்சத்திரம் யாரையும் துணைக்கு சேக்கல. எல்லாமே பார்ப்ராவால தான்னு சொல்ல வரல, ஆனா ஒரு பாடகர் தனியா ஒரு மணி நேரத்த நிரப்ப முடியும், ஜனங்க சேனல் மாத்தாம பாப்பாங்கன்னு சேனல்காரங்களுக்கு இருந்த பயம் போறதுக்கு 1965 ஏப்ரல் ஒரு பெரிய காரணம்.

பார்ப்ராவோட அடுத்த ஷோ 1966 மார்ச் 30, 'கலர் மீ பார்ப்ரா', பேருக்கு ஏத்த மாதிரி கலர்ல, மொத பாகம் ஃபிலடெல்ஃபியா கலை மியூசியத்துக்குள்ள. அப்போதைய கலர் கேமரா ஷூட்டிங் நடுவுலயே பழுதாகி பெரும்பாடு பட்டாங்க, ஆனா ஷோ ஜெயிச்சுது. அதுலயும் கெஸ்ட் இல்ல. மூணாவதா 1967 அக்டோபர்ல 'த பெல் ஆஃப் ஃபோர்டீன்த் ஸ்ட்ரீட்', பழைய காலத்து மேடை நிகழ்ச்சி மாதிரி ஒரு யோசனை, இதுல ஜேசன் ரோபார்ட்ஸ், ஜான் பபிள்ஸ்னு கூட ஆளுங்க வந்தாங்க. விமர்சகர்கள் வெளுத்து வாங்கிட்டாங்க, ஜனங்களும் ஒட்டல. ரோபார்ட்ஸ் மோசமான நடிகர் எல்லாம் கிடையாது, பெரிய கலைஞன், ஆனா முன்னாடி ரெண்டு ஷோல பாத்த அந்த முகத்துக்கும் நமக்கும் நடுவுல அன்னிக்கு நிறைய பேர் நின்னாங்க.

நாலாவது ஷோ 1968 செப்டம்பர்ல வந்துச்சு. எடுத்தது அதுக்கு முந்தின வருஷம், 1967 ஜூன் 17 ராத்திரி, நியூயார்க் சென்ட்ரல் பார்க், இலவசக் கச்சேரி, சுமார் 1,35,000 பேர். அன்னிக்கு நடுவுல பாட்டு வரி மறந்துபோய், அந்த பயத்துலயே இருபத்தஞ்சு வருஷத்துக்கும் மேல காசு வாங்கிப் பாடுற பொதுக் கச்சேரிகள பெரும்பாலும் தவிர்த்தாங்க. ஆனா படமா பாக்குறப்போ அந்த பயம் எங்கயும் தெரியாது. திறந்தவெளி, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் தலைங்க, மேடைல அவங்க மட்டும், துணைக்கு யாரும் இல்ல. கடைசிப் பாட்டா எடுத்தது 'ஹேப்பி டேஸ் ஆர் ஹியர் அகெயின்', அதே சௌக்கத்துல.